வாலால் கத்தும் உள்ளான்

வட இங்கிலாந்தில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பென்னைன் மலைப்பக்கம் சாயங்காலம் நடக்கப் போனேன். தலைக்கு மேலே ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம். நிமிர்ந்து பார்த்தால் சின்னதாக ஒரு பறவைதான் இருந்தது. அது என்ன?"

அது உள்ளான். நம்மூரில் கோரை உள்ளான் என்கிறோமே, அதே இனம். குளிர்காலத்தில் நம் வயல்களுக்கும் ஏரிக்கரைகளுக்கும் வந்துபோகிறது. ஆனால் இணை தேடும் பருவத்துச் சத்தம் இது. அதனால் கூடு கட்டும் ஊரில்தான் கேட்கும்.

பென்னைன் மேட்டில் ஹெதர் புதர்கள் பழுப்பாகக் கிடக்கும்போதே பறவைகள் திரும்பத் தொடங்கிவிடும். கடலோரத்திலும் தாழ்வான வயல்வெளிகளிலும் குளிரைக் கழித்த கர்லூ, ஆள்காட்டி, பொன் உப்புக்கொத்தி எல்லாம் பிப்ரவரி, மார்ச்சில் மேலே வரும். ஆப்பிரிக்காவிலிருந்து வீட்டியர் வரும். இவையெல்லாம் தொண்டையால் பாடுகின்றன. உள்ளானுக்கு வால்.

ஆண் உள்ளான் வட்டமடித்து உயரே ஏறும். திடீரெனச் சாய்ந்து கீழே பாயும்போது, வாலின் இரு ஓரத்திலும் உள்ள கடைசி இறகை மட்டும் மற்ற இறகுகளிலிருந்து விலக்கிப் பக்கவாட்டில் நீட்டிவிடும். அந்த இறகின் தண்டு வலுவானது, காற்றை எதிர்கொண்டு அசையாமல் நிற்கும். தண்டுக்குப் பின்னால் உள்ள அகலமான பகுதி அப்படியில்லை. வேகக் காற்றில் அது படபடக்கிறது. கம்பத்தில் கொடி படபடப்பதும் இதே இயற்பியல்தான். காற்று அந்தப் பரப்பைத் தாண்டும்போது மேலும் கீழுமாக மாறி மாறிச் சுழல்கள் கழன்று போகின்றன. படபடப்பு போதிய வேகத்தில் நடந்தால் நம் காதுக்கு அது ஒரு சுரம். மெதுவாகப் பறந்தால் இந்தச் சத்தம் எழாது, அதற்குத்தான் அந்தப் பாய்ச்சல்.

சரி, ஆடு கத்துவதுபோல் ஏன் நடுங்குகிறது? பாயும்போதும் உள்ளான் சிறகை அடித்துக்கொண்டேதான் வருகிறது. ஒவ்வொரு அடியும் வாலுக்குப் போகும் காற்றை ஏற்றி இறக்குகிறது. சுரத்தைத் தருவது வால், நடுக்கத்தைத் தருவது சிறகு. ஒரே பாய்ச்சலில் இரண்டையும் இணைக்கும் இந்த ஏற்பாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்பாக இருக்கிறது.

சத்தம் தொண்டையிலிருந்தா, சிறகிலிருந்தா என்று நெடுங்காலம் சர்ச்சை நடந்தது. 1850-களில் ஸ்டாக்ஹோமில் இருந்த வில்ஹெல்ம் மேவெஸ், வாலிறகு ஒன்றைக் குச்சியில் கட்டி வேகமாக வீசிக் காட்டினார். இறகு கத்தியது! 2010-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே வகை இறகைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து, அதிவேகக் கேமராவில் அந்தப் படபடப்பைப் பதிவு செய்தார்கள்.

'இந்த மாதிரி ஆய்வுக்கெல்லாம் எதற்குப் பணம்?' என்று கேட்பவர்கள் உண்டு. போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில், மேய்ச்சலைப் பெருக்க, இதே மேட்டுநிலங்களில் அரசு மானியத்தோடு வடிகால்கள் வெட்டினார்கள். கரிய சதுப்பு மண் காய்ந்தது. உள்ளான் நீண்ட அலகை ஈரமண்ணில் நுழைத்துப் புழு தேடும் பறவை. மண் இறுகினால் அதற்குச் சாப்பாடு இல்லை. இப்போது பொதுப்பணத்தைச் செலவழித்து அந்த வடிகால்களை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். பறவையையும் மண்ணையும் படிக்க அன்றைக்கே செலவிட்டிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

வாசகர் மறுபடி போவதானால் ஏப்ரல், மே மாதங்களில், விடியலிலோ பொழுது சாயும் நேரத்திலோ போகலாம். பாதையை விட்டு இறங்க வேண்டாம், கூடுகள் தரையில்தான் இருக்கும். நாயைக் கூட்டிப்போனால், மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை அங்குள்ள திறந்த நிலங்களில் அதைக் குட்டைக் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும் என்பது சட்டம். வேலிக் கம்பத்தில் உட்கார்ந்து 'சிப்பர், சிப்பர்' என்று விடாமல் கத்துவதும் இதே உள்ளான்தான். அந்தக் குரல் மட்டும் தொண்டையிலிருந்து வருவது.