தற்காப்புக்கு ஒரு சின்னக் கத்தி: பிரிட்டனில் சட்டம் என்ன சொல்கிறது

செப்டம்பர் மாதம் வந்தால் போதும், ஊரிலிருந்து புதிதாகப் படிக்க வந்த பிள்ளைகளிடமிருந்து இந்தக் கேள்வியும் வந்துவிடும். "அண்ணா, வேலை முடிஞ்சு வர ராத்திரி பன்னிரண்டு ஆயிடுது, பஸ் ஸ்டாப்பிலிருந்து பத்து நிமிஷம் தனியா நடக்கணும், பையில ஒரு சின்னக் கத்தி வெச்சுக்கலாமா?" கேட்பவர்கள் யாரும் சண்டைக்காரர்கள் இல்லை. லண்டனில் கத்திக்குத்துச் செய்திகளைப் பார்த்துப் பார்த்துப் பயந்துபோனவர்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பதில் ஒன்றுதான்: வைத்துக்கொள்ளாதீர்கள். ஏன் என்பதை முழுசாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "கூடாது" என்று மட்டும் சொன்னால் அடுத்த வாரம் யாராவது "மூணு இஞ்சுக்குக் கீழே இருந்தா பரவாயில்லையாம்" என்று சொல்வார்கள், நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

நான் சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கான சட்டம். ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டம் உண்டு, அங்கே தண்டனை இன்னும் கூடுதல், ஐந்து ஆண்டு வரை போகும். அடிப்படை இரண்டிலும் ஒன்றுதான்.

முதலில் அந்த மூன்று இஞ்ச் கதை. 1988-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், 139-ஆம் பிரிவு: வெட்டும் அலகோ கூரிய முனையோ உள்ள எந்தப் பொருளையும் பொது இடத்தில் வைத்திருந்தால் குற்றம், தகுந்த காரணம் இருப்பதை நீங்கள் நிரூபித்தால் தவிர. கவனியுங்கள், நிரூபிக்க வேண்டியது நீங்கள். போலீஸ் இல்லை. இதிலிருந்து ஒரே ஒரு வகைக்கு விலக்கு இருக்கிறது: மடக்கிச் சட்டைப் பையில் போடும் பேனாக்கத்தி, அதன் வெட்டும் விளிம்பு 3 இஞ்ச், அதாவது 7.62 சென்டிமீட்டரைத் தாண்டாமல் இருந்தால்.

இந்த "மடக்கி" என்ற சொல்லில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். கையில் ஒரு சாதாரண விக்டோரினாக்ஸ் சுவிஸ் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள், கைப்பிடி 91 மில்லிமீட்டர் வருமே, அந்த வகை. அலகைத் திறந்துவிட்டு அதன் முதுகில் கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு மடங்கிவிடும். வேறு எதையும் தொட வேண்டியதில்லை. இதற்கு விலக்கு உண்டு. இப்போது ஆன்லைனில் "டாக்டிகல்" என்று விற்கிறார்களே, அதில் ஒன்றைத் திறந்தால் கடைசியில் "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம்தான் லாக். இனி நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது, கைப்பிடிக்குள் இருக்கும் ஒரு சின்னத் தகட்டை ஒதுக்கினால்தான் மடங்கும். 1993-இல் வந்த ஒரு தீர்ப்பில் உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: லாக் விழும் கத்தி சட்டத்தின் கண்ணில் மடக்குக் கத்தியே இல்லை, நிலையான அலகுள்ள கத்திதான். அப்புறம் அது இரண்டு இஞ்ச் இருந்தால் என்ன, ஒன்றரை இஞ்ச் இருந்தால் என்ன, விலக்கு கிடையாது.

இந்தச் சட்டம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ரொட்டியில் வெண்ணெய் தடவும் கத்தி, முனையும் இல்லை, கூர்மையும் இல்லை. அதுவும் அலகுள்ள பொருள்தான் என்று 2005-இல் ஒரு வழக்கில் தீர்ப்பானது.

சரி, லாக் இல்லாத சின்ன சுவிஸ் கத்தியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் பிரச்சினை இல்லைதானே? ஆப்பிள் நறுக்க, பார்சல் பிரிக்க என்றால் பிரச்சினை இல்லை. தற்காப்புக்கு என்றால், பிரச்சினை. இங்கேதான் இரண்டாவது சட்டம் வருகிறது, என்னைக் கேட்டால் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். 1953-ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டம், பொது இடத்தில் தாக்கும் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுக்கிறது. எது தாக்கும் ஆயுதம்? மூன்று வகை. ஆளைக் காயப்படுத்துவதற்கென்றே செய்யப்பட்டது. காயப்படுத்துவதற்காக மாற்றப்பட்டது. மூன்றாவது, எந்தப் பொருளானாலும் சரி, காயப்படுத்தும் எண்ணத்தோடு கையில் வைத்திருப்பது. "யாராவது வந்தால் குத்திவிடுவேன்" என்பது காயப்படுத்தும் எண்ணம்தான், நீங்கள் அதைத் தற்காப்பு என்று சொன்னாலும். ஆக, போலீஸ்காரர் "இது எதுக்கு?" என்று கேட்கும்போது, "என் பாதுகாப்புக்கு சார்" என்று நாம் வெள்ளந்தியாகச் சொல்கிற அந்தப் பதிலே, அதுவரை குற்றமில்லாத ஒரு பேனாக்கத்தியைக் குற்றமாக்கிவிடுகிறது. ஊரில் நல்ல பிள்ளை சொல்லும் பதில் அது. இங்கே அது வாக்குமூலம்.

விதிவிலக்கே இல்லையா என்றால், இப்போதே, இன்ன ஆளால், இன்ன ஆபத்து என்று உடனடியாகத் தலைக்கு மேல் நிற்கும் நிலை இருந்தால் நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுக்கலாம். "எங்க ஏரியா மோசம்", "போன மாசம் ரூம்மேட்டை வழிப்பறி பண்ணிட்டாங்க" என்ற பொதுவான பயம் போதாது என்பதில் நீதிமன்றங்கள் உறுதியாக இருக்கின்றன.

இப்போது கத்தியை மாற்றியமைக்கும் விஷயம். யூடியூப் பார்த்துவிட்டு அலகைத் தேய்ப்பது, பிடிக்குக் கயிறு சுற்றுவது, சீக்கிரம் திறக்கட்டும் என்று உள்ளே ஸ்பிரிங் வைப்பது என்று செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சிலருக்கு இது வெறும் கைவேலை ஆர்வம், புரிகிறது. பிடியின் நிறத்தை மாற்றினால், பிடிமானத்துக்குக் கயிறு சுற்றினால், அதனால் மட்டும் எதுவும் ஆகிவிடாது. ஆனால் மேலே சொன்ன மூன்று வகையில் நடுவில் இருந்ததை மறுபடி பாருங்கள்: "மாற்றப்பட்டது". ஒரு சாதாரணப் பொருளை ஆளைக் காயப்படுத்துவதற்காகத் தீட்டி முனை வைத்தால், உங்கள் மனதில் என்ன இருந்தது என்று அரசுத் தரப்பு தனியாக நிரூபிக்கக்கூட வேண்டாம், பொருளே ஆயுதம் ஆகிவிடும்.

ஸ்பிரிங் விஷயம் அதைவிட மோசம். பொத்தானை அழுத்தினால் தானாகத் திறக்கும் கத்தியைச் செய்வதும் விற்பதும் 1959 முதலே இந்த நாட்டில் தடை. 2021 ஜூலையில் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஒன்று, அதை வீட்டு அலமாரிக்குள் வைத்திருப்பதே குற்றமானது. இன்னொன்று, பாதி கையால் தள்ளிவிட்டால் மீதி ஸ்பிரிங்கால் திறக்கும் கத்தியும் அந்த வரையறைக்குள் வந்துவிட்டது. ஆக, படுக்கையறையில் உட்கார்ந்து திருப்புளியும் கையுமாக ஒரு ஸ்பிரிங்கைப் பொருத்துகிறவர், வெளியே ஒரு அடி வைக்காமலேயே தடை செய்யப்பட்ட ஆயுதத்தைத் தயாரித்தவர் ஆகிறார். அதேபோல லிப்ஸ்டிக், பேனா, சீப்பு, சாவி போன்றவற்றுக்குள் ஒளித்து வைத்த கத்திகள். "பெண்கள் பாதுகாப்புக்கு" என்று அழகாகப் படம் போட்டு வெளிநாட்டு இணையதளங்களில் விற்கிறார்கள். இவை வெளிப்படையாகத் தடைப் பட்டியலில் இருப்பவை. தங்கச்சிக்குப் பிறந்தநாள் பரிசாக ஒன்று வாங்கி அனுப்பலாம் என்று நினைக்கிற அண்ணன்மார் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

தகுந்த காரணம் என்று சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுவது மூன்று: வேலை, மதம், தேசிய உடை. சீக்கியர்கள் அணியும் கிர்பான் என்ற குறுவாள் மதத்துக்குள் வரும். ஸ்காட்லாந்துக்காரர்கள் கில்ட் அணியும்போது காலுறையில் செருகும் சிறு கத்தி உடைக்குள் வரும். நமக்குப் பெரும்பாலும் பொருந்துவது வேலைதான், அதிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. கடையில் அட்டைப் பெட்டி கிழிக்க ஸ்டான்லி கத்தி கொடுப்பார்கள். ஒரு முறை என்னோடு வேலை செய்த தம்பி, பால் பெட்டிகளையெல்லாம் அடுக்கி முடித்து, ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். வாசலில் கைகுலுக்கும்போதுதான் அவன் ஜாக்கெட் பையின் மேல் மஞ்சள் பிடி எட்டிப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. கடைக்குள் அது வேலைக்கருவி. நேராக வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் காரணம் சொல்லலாம். அன்று அவன் நண்பனின் பிறந்தநாளுக்குப் போய்க்கொண்டிருந்தான், சனிக்கிழமை இரவு, கூட்டமான இடம். அங்கே சோதனை போட்டிருந்தால் என்ன காரணம் சொல்வான்? "மறந்துட்டேன்" என்பது மட்டும் தகுந்த காரணம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. திரும்ப உள்ளே போய்க் கல்லாவுக்குக் கீழே வைத்துவிட்டு வந்தான். நீங்களும் ஏப்ரனைக் கழற்றும்போதே பையைத் தடவிப் பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். காருக்குள் கிடப்பதும் இதே கணக்குதான், சாலையில் நிற்கும் கார் உங்கள் வீடு ஆகாது.

டூட்டிங்கிலோ ஈஸ்ட்ஹாமிலோ அரிவாள்மனை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வரலாமா என்று அம்மாக்கள் கேட்பார்கள். வரலாம். வாங்கிய பொருளை வீட்டுக்குக் கொண்டுபோவது தகுந்த காரணமே. அட்டைக்குள் சுற்றி, ஒட்டி, ரசீதோடு, நேராக வீட்டுக்கு. வழியில் வேறு எங்கும் போய் நாலு மணி நேரம் சுற்றாமல்.

பெப்பர் ஸ்பிரே பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நம் பெண்பிள்ளைகள்தான் அதிகம் மாட்டும் வாய்ப்பு இருக்கிறது. சென்னையில் கடையில் வாங்கி, அப்பாவே பெட்டியில் வைத்து அனுப்புவார். இந்தியாவில் அது சட்டப்படியான பொருள். பிரிட்டனில் 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ், ஐந்தாம் பிரிவில், தடை செய்யப்பட்ட ஆயுதம். வைத்திருந்தாலே பத்து ஆண்டு வரை சிறை சாத்தியம், கத்திக்கு இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். கிளம்பும் முன்னாலேயே பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அப்படியானால் எதைத்தான் வைத்துக்கொள்வது? பின்னை இழுத்தால் காதைக் கிழிக்கும் சத்தம் போடும் சின்ன அலாரம் இருக்கிறதே, சாவிக்கொத்தில் தொங்கவிடுவது, அது எந்தச் சந்தேகமும் இல்லாமல் சட்டப்படியானது. பைக்குள் ஆழத்தில் போடாமல் கைக்கு எட்டுகிற மாதிரி வெளியே மாட்டுங்கள். தற்காத்துக்கொள்ளும் உரிமையையே சட்டம் பறிக்கவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1967-ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டமும் அதற்கு முன்னிருந்தே நீதிமன்றத் தீர்ப்புகள் வழியாக வரும் பொதுச்சட்டமும், தாக்கப்படும் ஒருவர் அந்த நேரத்து நிலைக்கு நியாயமான அளவு பலத்தைப் பயன்படுத்தலாம் என்கின்றன. அந்த நொடியில் கையில் இருக்கும் குடையால் தடுத்தால் அது தற்காப்பு. தேவைப்படும் என்று முன்கூட்டியே கத்தியைச் செருகிக்கொண்டு கிளம்புவது வேறு விஷயம், அதைத்தான் சட்டம் பிடிக்கிறது.

தண்டனை: கத்தி வைத்திருந்ததற்கு மட்டும் அதிகபட்சம் நான்கு ஆண்டு சிறை, வரம்பில்லாத அபராதம். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர் இரண்டாம் முறை குற்றவாளியானால் பொதுவாகக் குறைந்தது ஆறு மாதம் சிறை. முதல் தடவை சிறைக்குப் போகாமல் தப்பினாலும், பதிவு இருக்கும். வீசா நீட்டிப்புப் படிவத்தில் குற்றத் தண்டனை உண்டா என்று கேட்கும் இடத்தில் எழுதியாக வேண்டும், முதியோர் இல்லம், பள்ளி மாதிரி வேலைகளுக்குப் பின்னணிச் சோதனையில் வரும். பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விழுந்தால் வெளிநாட்டவரை நாடு கடத்துவது 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி தானாகவே தொடங்கிவிடும். லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் படிக்க வந்த பிள்ளைக்கு இதன் அர்த்தம் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

சாலையில் போலீஸ் நிறுத்திச் சோதித்தால் பதறாதீர்கள். பொதுவாக அவர்களுக்கு நியாயமான சந்தேகம் இருக்க வேண்டும். ஆனால் வன்முறை நடக்கலாம் என்று ஒரு பகுதிக்குக் குறிப்பிட்ட நேரத்துக்கு உத்தரவு போட்டிருந்தால் சந்தேகமே இல்லாமலும் சோதிக்கலாம். எதைத் தேடுகிறார்கள், ஏன், எந்த நிலையம் என்று சொல்ல வேண்டும். சாலையில் வைத்துக் கோட்டு, ஜாக்கெட், கையுறைக்கு மேல் கழற்றச் சொல்ல முடியாது. சோதனைப் பதிவின் நகலை மூன்று மாதத்துக்குள் கேட்டு வாங்கலாம்.

ஏற்கனவே இப்படி ஏதாவது வாங்கி வைத்திருந்தால், பல ஊர்களில் கத்தி போடுவதற்கென்றே பூட்டிய இரும்புப் பெட்டிகள் இருக்கின்றன, பெயர் கேட்க மாட்டார்கள். தடித்த அட்டையில் சுற்றி ஒட்டி, நேராக அங்கே கொண்டுபோய்ப் போடுங்கள். எது அருகில் என்று 101-க்கு (அவசரமில்லாத விஷயங்களுக்கான போலீஸ் எண்) போன் செய்து கேட்கலாம். கைதாகி நிலையத்துக்குப் போக நேர்ந்தால், அங்கே வழக்கறிஞர் இலவசம், எந்த நாட்டுக் கடவுச்சீட்டாக இருந்தாலும். ஆங்கிலத்தில் தடுமாற்றம் இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இலவசம். வழக்கறிஞர் வந்து உங்களோடு தனியாகப் பேசிய பிறகே கேள்விகளுக்கு உட்காருங்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருங்கள்.