குகைப்படிவு: கல்முளைக்குள் ஒரு மழைக்கணக்கு

ஸ்பெலியோதெம். குகையில் சொட்டும் நீரிலிருந்து படியும் கனிமங்களுக்கெல்லாம் பொதுப்பெயர். கிரேக்கத்தில் ஸ்பெலாயோன் என்றால் குகை, தேமா என்றால் படிந்தது. இரண்டையும் ஒட்டி 1952இல் இச்சொல்லை உருவாக்கியவர் அமெரிக்கரான ஜார்ஜ் மூர். தமிழில் குகைப்படிவு என்றால் போதும். குகை வடசொல்லாயிற்றே என்பவர்கள் முழைப்படிவு என்று எழுதலாம். முழை நல்ல பழந்தமிழ்தான், ஆனால் அதற்கே தனியாக ஒரு சொல் விளக்கம் எழுத வேண்டிவரும்.

மேலிருந்து தொங்குவது ஸ்டாலக்டைட், தரையிலிருந்து எழுவது ஸ்டாலக்மைட். இரண்டுமே 'சொட்டுதல்' என்ற கிரேக்க வேரில் பிறந்தவை. எது மேலே, எது கீழே என்று பிள்ளைகள் குழம்புவது இதனால்தான். கல்விழுது, கல்முளை என்றால் குழப்பமில்லை. ஆலமரத்து விழுதையும் மாடு கட்டும் முளையையும் பார்க்காதவர் நம் பக்கம் யார்?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மலைகளில் இவற்றைத் தேட வேண்டாம். மல்லப்பாடியில் பாறை ஓவியங்கள் இருப்பது போன்ற ஒதுக்கிடங்கள் நமக்கு உண்டு. ஆனால் நம்முடையது பெரும்பாலும் கிரானைட்டும் நைஸ் (gneiss) என்ற கடினப்பாறையும். படிவு வளரச் சுண்ணாம்புப்பாறை வேண்டும். வேதியியலை மட்டும் வீட்டிலேயே பார்க்கலாம். போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில், தேய்த்தாலும் போகாமல் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பொருக்கும் அதே கால்சியம் கார்பனேட்தான். குகையில் அடுப்பு கிடையாது. மண்ணிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக்கொண்டு சுண்ணாம்பைக் கரைத்து வரும் நீர், குகைக் காற்றில் அந்த வாயுவை விட்டதும் சுண்ணாம்பு படிகிறது.

சரி, இதில் பருவநிலை எங்கே வந்தது? ஆய்வாளர்கள் கல்முளையைத்தான் விரும்புவார்கள். அதில் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காக ஏறியிருக்கும். நெடுக்காக அறுத்து, அடுக்கடுக்காகத் துளைத்துப் பொடி எடுப்பார்கள். நீரில் கனமான ஆக்சிஜன்-18, லேசான ஆக்சிஜன்-16 இரண்டும் உண்டு. பருவமழை நாடுகளில் மழை வலுத்த காலத்து அடுக்குகளில் பொதுவாகக் கனமானதன் பங்கு குறைந்திருக்கும். வெப்பநிலையும், மேகம் எங்கிருந்து வந்தது என்பதும் இந்த விகிதத்தை மாற்றும் என்பதால், ஒரே கல்லை நம்பி முடிவு சொல்ல முடியாது. வயதைச் சொல்வது யுரேனியம். அது நீரில் கரைந்து வரும், தோரியம் அநேகமாகக் கரையாது. ஆகவே படிவிலுள்ள தோரியம்-230 பெரும்பாலும் உள்ளேயே யுரேனியம் சிதைந்து உண்டானது. அதை அளந்து சுமார் 6 லட்சம் ஆண்டுகள் வரை கணக்கிடலாம்.

மேகாலயாவின் மாம்லூ குகையில் எடுத்த ஒரு கல்முளை, சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை நலிந்ததைக் காட்டுகிறது. அந்தக் கட்டத்தில் தொடங்கி இன்றுவரை நீளும் காலத்துக்கு 2018இல் மேகாலயன் காலம் என்று அதிகாரப்பூர்வமாகப் பெயர் வைத்தார்கள். அதன் தொடக்கத்துக்கான உலக அளவுகோலும் அந்தக் கல்முளைதான்.