சொல் விளக்கம்: கணக்குக் கேட்பு

அண்ணன் மகள் குரூப் 1 தேர்வுக்குப் படிக்கிறாள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கிற பகுதி ஒன்று உண்டு, காலையிலேயே போய் இடம் பிடித்துவிடுவாள். போன வாரம் நானும் கூடப் போயிருந்தேன். பயிற்சிக் கையேட்டில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்த ஒரு வரியை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்: "நிதி அமைச்சகம் மீதான நாடாளுமன்றக் கண்காணிப்பு." பிறகு மெதுவாகக் கேட்டாள்: "சித்தப்பா, கண்காணிக்கிறதுன்னா மேல இருக்கிறவங்க செய்றதுதானே? அப்போ நிதி அமைச்சகத்துக்கு நாடாளுமன்றம் மேலதிகாரியா?"

சரியான கேள்வி. அந்த வரியை எழுதியவர் தனக்குத்தானே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

இந்தக் கண்காணிப்பை நான் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிப்ரவரி வந்தால் போதும், தொலைக்காட்சி விவாதத்திலும் செய்தித்தாளின் நடுப்பக்கத்திலும் "நாடாளுமன்றக் கண்காணிப்பு குறைந்துவிட்டது", "கண்காணிப்பை வலுப்படுத்த வேண்டும்" என்று வந்துகொண்டே இருக்கும். ஆங்கிலத்தில் ஸ்குரூட்டினி என்று இருப்பதைத்தான் இப்படிப் போடுகிறார்கள். மொழிபெயர்ப்பும் பிழைதிருத்தமுமாக இருபது வருஷம் ஓட்டியவன் என்பதால் சொல்கிறேன், இது சின்னப் பிழை இல்லை.

முதலில் ஸ்குரூட்டினியின் வேரைச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் ஸ்குரூட்டா என்றால் உடைசல், கந்தல், குப்பை. குப்பையைக் கிளறித் தேடுவதுபோல ஒன்றைத் தேடுவது ஸ்குரூட்டாரி. அதிலிருந்து வந்தது இது. நம் "துருவித் துருவிப் பார்ப்பது" கிட்டத்தட்ட அதே வேலைதான். வேர் விஷயம் இவ்வளவு போதும்.

இப்போது கண்காணிப்புக்கு வருகிறேன். நல்ல தமிழ்ச் சொல், பழைய சொல். சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே கோயில் காரியங்களை மேற்பார்க்கிற கண்காணி இருக்கிறார். அந்தக் கண்காணிதான் பேச்சில் கங்காணி ஆகி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாயா ரப்பர் தோட்டத்துக்கும் நம் ஆட்களைக் கூட்டிப்போய், முன்பணக் கடனில் கட்டிவைத்து, வேலை நேரத்தில் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த கங்காணி ஆனது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் இந்தச் சொல் எங்கெல்லாம் கண்ணில் படுகிறது? தெருமுனையில் "இப்பகுதி கேமரா கண்காணிப்பில் உள்ளது". மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். அரசு அலுவலகத்தில் பிரிவுக் கண்காணிப்பாளர். பொதுப்பணித் துறையில் கண்காணிப்புப் பொறியாளர். எல்லா இடத்திலும் ஒரே அமைப்புதான்: மேலே ஒருவர், கீழே ஒருவர், மேலே இருப்பவர் கண்ணால் பார்க்கிறார், கீழே இருப்பவர் பார்க்கப்படுகிறார். பார்க்கப்படுகிறவர் வாய் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

இலக்கணமே இதைக் காட்டிக்கொடுக்கிறது. "அவனைக் கண்காணித்தார்கள்." இரண்டாம் வேற்றுமை. அவன் வெறும் செயப்படுபொருள், அவனுக்குத் தெரியாமலே முழுக் கண்காணிப்பும் நடந்து முடிந்துவிடலாம். நாடாளுமன்றம் நிதி அமைச்சகத்தோடு செய்கிற வேலை அப்படியா இருக்கிறது? அங்கே ஒருத்தர் கேட்க வேண்டும், இன்னொருத்தர் எழுந்து பதில் சொல்ல வேண்டும். பதில் வரவில்லை என்றால் அந்த வேலை நடக்கவே இல்லை என்று அர்த்தம்.

நடைமுறையைப் பாருங்கள். அரசமைப்பின் 265வது கூறு, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கக் கூடாது என்கிறது. 113வது கூறுப்படி செலவுக்கான பணத்தை அரசு மக்களவையிடம் கோரிக்கையாக வைத்து ஒப்புதல் வாங்க வேண்டும், 114 வழியாக ஒதுக்கச் சட்டம் நிறைவேறினால்தான் அரசின் வருவாய் சேர்கிற தொகுப்பு நிதியிலிருந்து பணம் எடுக்க முடியும். அதாவது நிதி அமைச்சர்தான் வந்து கேட்கிறார். கேட்டவரிடம் சபை திருப்பிக் கேட்கிறது: எதற்கு, ஏன் இவ்வளவு, போன வருஷம் கொடுத்தது என்ன ஆனது? அந்தக் கோரிக்கையின் கொள்கையே பிடிக்கவில்லை என்றால், தொகையை 1 ரூபாயாகக் குறைக்க வேண்டும் என்று வெட்டுத் தீர்மானம் கொண்டுவரலாம். ஏதோ ஒரு குறையை மட்டும் சுட்டிக்காட்ட வேண்டுமா, 100 ரூபாய் குறைக்கச் சொல்லிக் கொண்டுவரலாம். 1993இல் துறைவாரி நிலைக்குழுக்கள் வந்தன, முதலில் 17, 2004இல் 24 ஆயின. நிதிக்கான குழுவில் 31 பேர், மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10, அமைச்சராக இருப்பவர் உறுப்பினராக முடியாது. செயலாளர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கிறார்கள். பரிந்துரைக்கு என்ன செய்தோம் என்று அமைச்சகம் 3 மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும். தணிக்கை அறிக்கைகளை எடுத்துக் கேள்வி கேட்கிற, 1921 முதல் இருக்கிற பொதுக் கணக்குக் குழுவில் 22 பேர், 1967 முதல் எதிர்க்கட்சிக்காரர் ஒருவரைத் தலைவராக்குவது வழக்கம். இதில் எந்த இடத்திலும் கேமரா இல்லை, கங்காணி இல்லை. முழுக்கக் கேள்வியும் பதிலும்.

டி.டி.கே. சாலையில் தினமும் எத்தனை ஆயிரம் பேர் போகிறோம், அந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதி அமைச்சர் பதவியை எப்படி இழந்தார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஆயுள் காப்பீட்டை அரசே எடுத்துக்கொண்டது 1956இல். அடுத்த வருஷமே எல்.ஐ.சி., ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிப் பங்குகளைச் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. 1957 டிசம்பரில் பெரோஸ் காந்தி மக்களவையில் எழுந்து, பாலிசிக்காரர் பணத்தை யார் சொல்லி இதில் போட்டீர்கள் என்று கேட்கத் தொடங்கினார். அவர் ஆளுங்கட்சிக்காரர், பிரதமரின் மருமகன். நிதி அமைச்சருக்கு அவர் எந்த வகையிலும் மேலதிகாரி கிடையாது, ஓர் உறுப்பினர், அவ்வளவுதான். ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. சொன்ன பதில் நிற்கவில்லை. சாக்ளா விசாரணை ஆணையம் வந்தது, 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா செய்தார். இதைப் போய் "கண்காணிப்பு" என்று எழுதினால், பெரோஸ் காந்தி எல்.ஐ.சி. வாசலில் காவலுக்கு நின்ற மாதிரி ஆகிவிடும். பங்கு வாங்கும்போது யாரும் கண்காணிக்கவில்லை. வாங்கின பிறகு கணக்குக் கேட்டார்கள்.

கணக்குக் கேட்டார்கள். இதுதான் நான் சொல்ல வந்த சொல்.

"கணக்குக் கேட்பு" என்பதை நான் கட்டிச் செய்யவில்லை, அது தமிழ்நாட்டு வாயில் ஏற்கெனவே இருக்கிறது. 1972இல் கட்சிக்குள் எம்.ஜி.ஆர். "கணக்குக் கேட்டார்" என்று சொன்னால் டீக்கடையில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. இன்னும் ஆயிரம் வருஷம் பின்னால் போனாலும் இதே பேச்சுதான். இங்கிருந்து பஸ் ஏறினால் அரை நாளில் போய்த் திரும்பிவிடக்கூடிய உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்து 921ஆம் வருஷக் கல்வெட்டு, குடவோலைக்கு யார் பெயரை எழுதக் கூடாது என்று சொல்லும்போது முதலில் தள்ளிவைப்பவர்களில் ஊர்ச் சபையின் வாரியத்தில் இருந்துவிட்டுக் "கணக்குக் காட்டாதே இருந்தாரையும்" அவர்கள் உறவினரையும் வைக்கிறது. காட்டுவது ஒருவர் கடமை என்றால், கேட்பது இன்னொருவர் உரிமை. இதற்கு மேல் என்ன முன்மாதிரி வேண்டும்?

இன்னொரு பொருத்தமும் இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆங்கிலத்தில் ஆடிட் என்பதன் லத்தீன் வேருக்குக் காதால் கேட்பது என்று பொருள். கணக்கை வாய்விட்டு வாசிக்க, ஒருவர் உட்கார்ந்து கேட்பார், அவர்தான் ஆடிட்டர். தமிழில் "கேள்" என்ற ஒரே வினை வினவுவதற்கும் காதில் வாங்குவதற்கும் சேர்த்து நிற்கிறது. கேட்டுவிட்டுப் பதிலைக் கேட்பது! அப்புறம் வேற்றுமை உருபைக் கவனியுங்கள்: "நிதி அமைச்சகத்திடம் கணக்குக் கேட்டது." "-இடம்" வந்த உடனே எதிரில் பதில் சொல்ல ஒரு ஆள் வந்து நின்றுவிடுகிறார். சொல் அமைப்பும் புதிதில்லை, கருத்துக் கேட்புக் கூட்டம் என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகங்கள் எவ்வளவு காலமாக எழுதுகின்றன, அதே அச்சுதான் இது.

மறுப்பு சொல்பவர்கள் இரண்டு சொல்வார்கள். கணக்கு என்றால் வெறும் எண்தானே, அமைச்சகத்தின் கொள்கையையும் அல்லவா ஆராய்கிறார்கள் என்பது ஒன்று. கணக்கு என்றைக்கு வெறும் எண்ணாக இருந்தது? பதினெண்கீழ்க்கணக்கில் என்ன கூட்டல் கழித்தலா இருக்கிறது? நக்கீரரின் தந்தை மதுரைக் கணக்காயனார், கணக்காயர் என்றால் ஆசிரியர். "இது என்ன கணக்கு?" என்று நாம் கேட்கும்போது நியாயத்தைத்தான் கேட்கிறோம். கொள்கைக்கும் அது தாராளமாகப் பொருந்தும். இரண்டாவது, கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கிறதே, வீட்டில்கூட "என்கிட்டயே கணக்குக் கேக்கிறியா?" என்றால் சண்டை வருமே என்பது. வரட்டும். மக்கள் பணத்துக்குப் பதில் சொல்ல வைக்கிற வேலைக்கு மெத்தையில் வைத்த சொல் எதற்கு?

மற்றப் போட்டியாளர்களையும் பார்த்துவிடலாம். "ஆய்வு" தேய்ந்துபோய்விட்டது. அமைச்சர் மழைநீர் வடிகாலைப் பார்த்தாலும் ஆய்வு, முனைவர் பட்டமும் ஆய்வு. "பரிசீலனை" வேட்புமனுவோடு ஒட்டிக்கொண்டது, அங்கேயே நன்றாக இருக்கட்டும். தவிர "பரிசீலனையில் உள்ளது" என்று அரசு சொன்னால் நடக்காது என்று ஜனங்களே பொருள் எடுத்துக்கொள்கிறார்கள். "தணிக்கை"யில் எனக்குச் சண்டை இல்லை. அதைத் "தணி"யிலிருந்து வந்ததாக நினைத்துச் சிலர் பெருமைப்படுகிறார்கள். அது அரபு வழியில் வந்து வருவாய்த் துறையில் புழங்கிய சொல், தெலுங்கிலும் கன்னடத்திலும் கூட இருக்கிறது. வந்த சொல் என்பதற்காக நான் அதை விரட்டப் போவதில்லை. ஆனால் அது தலைமைத் தணிக்கையாளர் செய்கிற வேலைக்கும் சினிமாவுக்கும் போய்விட்டது. தணிக்கை அறிக்கையை வைத்துக்கொண்டு நாடாளுமன்றம் செய்வது அடுத்த கட்டம்.

கொஞ்ச நாளாகக் "கூராய்வு" என்று ஒன்று உலவுகிறது. கூர்மையான ஆய்வாம். காகிதத்தில் அழகாக இருக்கிறது, வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். "நிதி அமைச்சகக் கூராய்வு" என்று செய்தி வாசித்தால் பாதிப் பேருக்குப் பிணவறைதான் ஞாபகம் வரும். அங்கே இருப்பது உடற்கூறாய்வு, வல்லின றகரம். உடற்கூறு, அதாவது உடலின் உறுப்பமைப்பு, அதன் ஆய்வு. அதையே தினமும் இடையின ரகரம் போட்டு "உடற்கூராய்வு" என்று அச்சடிக்கிறார்கள். இரண்டு ராவையும் ஒன்றாக உச்சரிக்கிற ஊரில், ஒன்று ஏற்கெனவே பிழையாக எழுதப்படுகிற இடத்தில், அதே ஒலியில் இன்னொரு கலைச்சொல்லை உண்டாக்குவது வாசகனுக்குச் செய்கிற துரோகம். கலைச்சொல் செய்பவர்கள் அகராதியைப் பார்க்கிறார்கள், காதைப் பார்ப்பதில்லை.

இந்தத் துறையில் எல்லாமே இப்படித்தான் கிடக்கிறது. சட்டமன்றத்தில் "மானியக் கோரிக்கை" என்கிறோம், அதே மானியம் கேஸ் சிலிண்டருக்கும் வருகிறது. "காவல் துறை மானியக் கோரிக்கை" என்றால் போலீசுக்கு என்ன சலுகை விலையா என்று ஒரு பெரியவர் என்னிடமே கேட்டார், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. தேர்தல் வருஷத்தில் சில மாதச் செலவுக்கு மட்டும் முன்கூட்டி அனுமதி வாங்குவதற்கு 116வது கூறு இருக்கிறது, அதையும் இடைக்கால பட்ஜெட்டையும் ஒன்றாகவே எழுதித் தள்ளுகிறார்கள். பட்ஜெட் வரவு செலவு முழுவதையும் காட்டுவது, மற்றது செலவுக்கான முன்னனுமதி மட்டும். பிறகு அந்த "மீதான". நிதி அமைச்சகம் மீதான, கொள்கை மீதான, வரி மீதான. எல்லாவற்றையும் ஒன்றின் மீது ஒன்றாக அடுக்கி வைக்கிறார்கள். "நிதி அமைச்சகத்திடம் நாடாளுமன்றத்தின் கணக்குக் கேட்பு" என்று எழுதினால் யார் யாரிடம் என்பது நேராகத் தெரிகிறது, மீதானும் தொலைகிறது.

கண்காணிப்பை அது இருக்க வேண்டிய இடத்தில் விட்டுவிடலாம். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளைக் கண்காணிக்கிறது, அது சரி, அங்கே மேல் கீழ் இருக்கிறது. நிதி அமைச்சகம் தனக்குக் கீழே உள்ள அலுவலகங்களின் செலவைக் கண்காணிக்கிறது, அதுவும் சரி.

அண்ணன் மகளிடம் இதையெல்லாம் சொல்லி முடிக்கப் பக்கத்து மேசைக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டார். தேர்வில் கையேட்டில் உள்ளபடியே எழுது, திருத்துகிறவர் கையில் இருக்கிற விடையில் அதுதான் இருக்கும் என்று சொன்னேன், சொல்ல வேண்டியிருந்தது வருத்தம்தான். அவள் "மீதான" என்பதைச் சுழித்து, ஓரத்தில் பென்சிலால் "-இடம்" என்று எழுதி வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அங்கே "மதிப்பீட்டுக் குழு, 30 பேர், மக்களவையிலிருந்து மட்டும்" என்று இருந்தது. "இவங்களும் கணக்குக் கேக்கிறவங்கதானே சித்தப்பா?" என்றாள். ஆமாம் என்றேன்.