புண்ணாக்கில் பிடித்த பூசணம் பாலுக்கு வரும்

கால்நடைத் தீவனம் தொடர்பான வேலை என்று சொன்னதும் பலரும் கேட்பது, "பாலில் யூரியா கலக்கிறார்களாமே?" என்பதுதான். எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. 2018இல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. உடலுக்குக் கேடான கலப்படம் 12 மாதிரிகளில் இருந்தது. அஃப்ளாடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நச்சோ 368 மாதிரிகளில் வரம்பைத் தாண்டியிருந்தது. அதில் தமிழ்நாட்டின் பங்குதான் அதிகம், 551 மாதிரிகளில் 88. யாரும் கலந்து வந்ததல்ல இது. மாடு தின்ற தீவனத்திலிருந்து வந்தது.

அஃப்ளாடாக்சின் உலகுக்குத் தெரியவந்தது 1960இல். இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் புரியாமல் செத்தன. தேடிப் போனபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்திருந்த ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சையில் கொண்டுபோய் விட்டது. அந்தப் பூஞ்சை நம் நிலக்கடலை வயல்களிலும் உண்டு. காய் பிடிக்கும் சமயத்தில் வறட்சி வந்தாலும், பறித்த காய் சரியாகக் காயாமல் மூட்டைக்குப் போனாலும் அது பெருகும். வியாபாரி நல்ல பருப்பைத் தின்பதற்குப் பிரித்துவிடுவார். சொத்தையும் சுருங்கியதும் செக்குக்குப் போகும். எண்ணெய் பிழிந்த பிறகு நச்சின் பெரும்பங்கு புண்ணாக்கிலேயே தங்கிவிடும். அதைத்தான் கறவை மாட்டுக்குச் சத்து என்று வைக்கிறோம். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, மக்காச்சோளம், தவிடு எதுவும் இதற்கு விலக்கல்ல.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். கிலோவுக்கு 300 மைக்ரோகிராம் நச்சுள்ள புண்ணாக்கை மாடு இரண்டு கிலோ தின்கிறது. அந்த 600 மைக்ரோகிராமில் ஒன்று இரண்டு சதவீதத்தைக் கல்லீரல் எம்1 ஆக மாற்றிப் பாலுக்கு அனுப்பும். பத்து லிட்டர் கறக்கும் மாடு என்றால் லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மைக்ரோகிராம். இந்தியாவில் அனுமதி 0.5தான். ஐரோப்பாவில் 0.05. எடையோடு ஒப்பிட்டால் குழந்தைகள் பெரியவர்களைவிட அதிகம் பால் குடிக்கிறார்கள். அஃப்ளாடாக்சின்கள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதியாகவே சொல்லியிருக்கிறது.

காய்ச்சினால் போய்விடாதா என்று கேட்பார்கள். போகாது. பாஸ்டரைஸ் செய்தாலும், தயிராக உறைய வைத்தாலும் நம்பிவிட முடியாது. தீவனத்திலும் அதே கதைதான். பூசணம் பிடித்த புண்ணாக்கை வெயிலில் காயவைத்துத் தட்டிவிட்டுப் போடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். பச்சையும் கருப்பும் உதிர்ந்து பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் நச்சு உள்ளேயே இருக்கும்.

மாடும் உடனே படுத்துவிடாது, அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. தீனி குறையும், பால் இறங்கும், நோய் எதிர்ப்பு குறையும். கன்றுகள்தான் சீக்கிரம் பாதிக்கப்படும். பால் கூட்டுறவுச் சங்கத்தில் பார்ப்பது கொழுப்பும், கொழுப்பு தவிர்த்த திடப்பொருளான எஸ்.என்.எஃப்.பும்தான், இந்த நச்சு அங்கே தெரியாது.

நல்ல செய்தியும் உண்டு. கெட்ட தீவனத்தை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் பாலில் நச்சு வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் சந்தேகம் வந்த மூட்டையை அன்றைக்கே ஒதுக்குங்கள். பணம் போட்டு வாங்கியதாயிற்றே என்று நல்ல தீவனத்தோடு கலந்து தீர்க்க வேண்டாம். ஆட்டுக்கும் கோழிக்கும் தள்ளிவிடவும் வேண்டாம், கோழிக்கு இது இன்னும் கெடுதல். மூட்டைகளை மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். மழைக்காலத்தில் பதினைந்து நாளைக்கு மேல் இருப்பு வைக்காதீர்கள். நச்சை உறிஞ்சும் களிமண் வகைப் பொடிகள் கடைகளில் கிடைக்கின்றன. ஓரளவு உதவும், ஆனால் அதை நம்பிக் கெட்டதை வாங்குவது தவறு.

மொத்தமாக வாங்குகிறவர்கள் சோதித்துப் பார்ப்பது நல்லது. மாட்டுத் தீவனத்தில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம்தான் வரம்பு. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. மாதிரி எடுக்கும்போது மேலே கிடப்பதில் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு போகாதீர்கள். இந்த நச்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. பல மூட்டைகளில் மேல், நடு, அடி என்று கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, நன்றாகக் கலந்து, அதிலிருந்து அரை கிலோ கொடுங்கள்.