சொந்தபந்தம் மட்டும் வாசிக்கும் வலைப்பூவில் விளம்பரம் வேண்டாம்

போன வாரம் செங்கலடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் லப்டொப்போடு கல்லடிக்கு வந்தார். வடமோடி, தென்மோடிக் கூத்துப் பழக்குகிற அண்ணாவிமாரைத் தேடிப் போய், பேசி, எழுதுகிற பிள்ளை. எழுத்து அருமை. வலைப்பூ தொடங்கி இரண்டு மாதம் ஆகவில்லை, அதற்குள், வலைப்பூவில் விளம்பரம் காட்டிப் பணம் தருகிற கூகுள் அட்சென்ஸ் கணக்கை முடக்கிவிட்டார்கள். காரணம் அவருடைய வட்ஸ்அப் குழுவிலேயே கிடந்தது: "மச்சான்மார், உள்ளுக்குப் போய் விளம்பரத்த ஒருக்கா அமத்தி விடுங்கடா." கட்டாரில் இருக்கிற மச்சான் ஒருவர் வேலைக்குப் போகுமுன் தினமும் அமத்தியிருக்கிறார், அதாவது கிளிக் பண்ணியிருக்கிறார், பாசத்தில்.

இணையத்தளம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று எங்கிருந்து வந்தாலும் கதை இதுதான்.

"முப்பது பதிவு போட்டாச்சு, இனி விளம்பரம் போடலாம்தானே சேர்?" முப்பது என்று யார் சொன்னது? அட்சென்ஸ் விதிகளில் பதிவுக்கும் எண்ணிக்கை இல்லை, வாசகருக்கும் எண்ணிக்கை இல்லை. 18 வயது ஆகியிருக்க வேண்டும், எழுத்து சொந்தமாக இருக்க வேண்டும். வேறு தளத்துச் செய்தியை வெட்டி ஒட்டினால் நிராகரிப்பார்கள். 2018இல் தமிழ் சேர்க்கப்பட்ட பிறகு மொழியும் தடையில்லை. ஆகவே நன்றாக எழுதுகிறவருக்கு அனுமதி கெதியாகக் கிடைத்துவிடும். கிடைத்த உடனே போட்டுவிடுகிறார்கள். அங்கேதான் பிழை நடக்கிறது.

புதுசில் யார் வாசிப்பார்? அக்கா, மச்சான், கூடப் படித்தவர்கள். அவர்களுக்கு உங்கள் எழுத்தில் இருக்கிற அக்கறை விளம்பரத்தில் இருக்கிற பொருளில் இல்லை. உங்களுக்கு நாலு காசு வரட்டும் என்றுதான் அமத்துகிறார்கள். அது உதவியே இல்லை, ஐயா! அந்த விளம்பரத்துக்குக் காசு கட்டியவர் எங்கேயோ ஹோட்டல் நடத்துகிறவராக இருப்பார். அவருக்கு அறை எடுக்க ஆள் வேண்டும். உங்கள் மச்சான் அறை எடுக்கப் போவதில்லை. ஒரே போனிலிருந்து, ஒரே ஆட்களிடமிருந்து திரும்பத் திரும்ப வந்தால் கூகுள் கண்டுபிடிக்கும், சேர்ந்த பணத்தைக் கழித்து விளம்பரதாரருக்குத் திருப்பும். நீங்களே அமத்துவதும் தடை, மற்றவரை அமத்தச் சொல்வதும் தடை. இதையெல்லாம் செய்து என்ன லாபம்? 2024 முதல் அட்சென்ஸ் பணம் தருவதே விளம்பரம் எத்தனை தரம் காட்டப்பட்டது என்பதை வைத்துத்தான், எத்தனை தரம் அமத்தினார்கள் என்பதை வைத்து இல்லை. ஆளுக்கு ஒரு கணக்குத்தான். போனால் மேன்முறையீடு செய்யலாம், ஆனால் புதுக்கணக்குத் திறக்க முடியாது.

சரி, எப்போது போடுவது? உங்களைத் தெரியாத ஆட்கள் தேடி வரத் தொடங்கிய பிறகு.

அதைப் பார்க்க கூகுளின் சேர்ச் கொன்சோல் என்ற கருவி இருக்கிறது, இலவசம். வலைப்பூவை அதில் சேர்த்துவிட்டு, கூகுளில் என்ன தேடி வந்தார்கள் என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். உங்கள் பெயரும் வலைப்பூவின் பெயரும் மட்டும் இருந்தால் இன்னும் பொறுங்கள். "பாசிக்குடா போக நல்ல மாதம்", "வடமோடிக் கூத்து ஆட்டமுறை" என்று பொருளைத் தேடி வந்தவர்கள் கிழமைக்குக் கிழமை கூடினால், உங்கள் வலைப்பூவுக்கு வாசகர் பிறந்துவிட்டார்.

பணம் 100 டொலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு வரும். நாளுக்கு 5 சதம் சேருகிறது என்று வையுங்கள். 2000 நாள், ஐந்தரை வருடம். அந்தச் சில சதத்துக்காக, டேட்டா போட்டு போனில் வாசிக்கிற மனிதருக்கு முதல் பந்திக்கு முன்னால் மூன்று விளம்பரம் காட்டுகிறீர்கள். அவர் மறுபடி வருவாரா?

போடுகிற நாளில், வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் முதலில் சொல்லுங்கள்: வாசியுங்கள், பகிருங்கள், விளம்பரத்தில் கை வைக்காதீர்கள். ஒரு பதிவுக்கு ஒன்றிரண்டு போதும். கணக்கில் பெயரை வங்கிப் புத்தகத்தில் உள்ளபடியே எழுதுங்கள். 10 டொலர் ஆனதும், உங்கள் முகவரியை உறுதிப்படுத்தும் பின் (PIN) இலக்கம் தபாலில் வரும். நான்கு மாதத்துக்குள் அதைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். முகவரியைத் தபாற்காரருக்கு விளங்குகிற மாதிரி, வீட்டிலக்கம், குறுக்குத் தெரு, ஊர் என்று முழுமையாகக் கொடுங்கள். "கோயிலடி" என்று மட்டும் போட்டுவிட்டுக் கடிதம் வரவில்லை என்று என்னிடம் வராதீர்கள்.