தீயில் காயும் தமாக்: சந்தால் முரசின் தோலுக்குள் நடப்பது என்ன?

ஜார்க்கண்டின் தும்கா பக்கம் சொஹ்ராய் என்னும் அறுவடை விழாவைப் பார்த்து வந்த வாசகர் ஒருவர், ஆட்டம் தொடங்குமுன் சந்தால் பழங்குடி இளைஞர்கள் தங்கள் முரசுகளைத் தீயருகே சாய்த்துப் பிடிப்பது ஏதேனும் சடங்கா என்று கேட்டிருக்கிறார். நம் ஊரில் பறை காய்ச்சுவதைக் கண்டவர்களுக்கு விடையில் பாதி தெரிந்திருக்கும். மறுபாதி தோலின் மூலக்கூறுகளுக்குள் இருக்கிறது.

சந்தால் இசையில் இரண்டு தோற்கருவிகள் இணைபிரியாதவை. தும்தாக் என்பது சுட்ட மண்ணாலான உடலும் இரண்டு முகங்களும் கொண்டது. இடமுகம் அகன்றும் வலமுகம் குறுகியும் இருக்கும், தோளில் மாட்டிக்கொண்டு இரு கைகளாலும் வாசிப்பார்கள். தமாக், மெல்லிய இரும்புத் தகடுகளைத் தறையாணியால் இணைத்துச் செய்த கிண்ணத்தின் வாயில் மாட்டுத்தோலை இழுத்துக் கட்டி, இரண்டு குச்சிகளால் அடிக்கப்படும் முரசு. தோலின் உட்புறம் எழும் ஒலியலை வெளியே வந்து மேற்புற அலையை அழித்துவிடாதபடி கிண்ணம் தடுப்பதால், தமாக்கின் ஓசை நெடுந்தூரம் செல்கிறது.

தோலின் இழுவிசை நான்கு மடங்கானால் அதிர்வெண் இரு மடங்காகும். தோலின் எடை கூடினால் அதிர்வெண் குறையும். பனி இறங்கும் இரவில் ஈரம் இவ்விரண்டையும் ஒருசேரக் கெடுக்கிறது.

எப்படி என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மாட்டுத்தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். அதன் மூன்று சங்கிலிகள் புரிகளாக முறுக்கிக்கொண்டு நீண்ட இழையாகின்றன. இழைகள் சேர்ந்து நார்களாகி, நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னித் தோலாகின்றன. காற்றிலுள்ள நீர் மூலக்கூறுகள் இந்த இழைகளுக்கு இடையே புகுந்து ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கொண்டு இழைகளை விலக்கும்போது, தோல் உப்பி, கனத்து, தளர்கிறது. தீயின் வெப்பம் பட்டதும் நீர் வெளியேறுகிறது. இழைகள் மீண்டும் நெருங்கித் தோல் சுருங்கப் பார்க்கிறது. ஆனால் விளிம்பு முழுவதும் வாரால் இறுக்கிக் கட்டப்பட்டிருப்பதால் அதனால் சுருங்க முடிவதில்லை. சுருங்க இயலாத அந்தச் சுருக்கம் முழுவதும் இழுவிசையாக மாறுகிறது. மழுங்கிக் கிடந்த ஓசை தெளிந்து மேலேறுகிறது.

இதற்கு ஓர் எல்லை உண்டு. ஈரமான, பதனிடாத பச்சைத்தோலில் ஏறத்தாழ 60 முதல் 65 பாகை செல்சியஸிலேயே கொலாஜனின் முறுக்கு குலைந்துவிடும். பிறகு அந்தத் தோல் பழைய நிலைக்குத் திரும்பாது. உலர்ந்த தோல் இன்னும் அதிக வெப்பத்தைத் தாங்கும் என்றாலும், ஒரே இடத்தில் சூடு குவிந்தால் விறைத்து வெடிக்கும். ஆகவேதான் வாசிப்பவர் முரசைத் தணலுக்குச் சற்றுத் தள்ளிப் பிடித்து, மெல்லத் திருப்பி, விரலால் தட்டித் தட்டிக் கேட்கிறார். அந்தத் தட்டலே அவருடைய அளவுகோல். முரசு ஆறியதும் தோல் மீண்டும் ஈரத்தை உறிஞ்சத் தொடங்குவதால், ஆட்டம் நீளும் இரவில் மறுபடியும் காய்ச்ச வேண்டியிருக்கும்.

இதைப் புரியாத சடங்கு என்று ஒதுக்குவது அந்தக் கலைஞர்களுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். கொல்கத்தாவில் இருந்தபடி சி. வி. ராமன் 1920-இல் மிருதங்கம், தபேலா ஆகியவற்றின் இசைவான மேற்சுரங்களை (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்தே ஒலிக்கும் உயர்ந்த சுரங்களை)ப் பற்றி ஆய்வு வெளியிட்டார். அந்நகரிலிருந்து ரயிலில் சென்றடையும் தொலைவிலுள்ள, தும்கா அடங்கிய சந்தால் பர்கானா வட்டாரத்தின் முரசுகளுக்கு அதே அளவு கவனம் கிடைக்கவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி 73 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசும் சந்தாலி மொழியின் இசைக்கு நம் ஆய்வு நிதியில் ஓர் இடம் வேண்டும். தேவைப்படுவது பெருந்தொகையும் அன்று: ஈரப்பதமானி, நல்ல ஒலிவாங்கி, அந்த ஊர்களிலிருந்தே வரும் ஓர் ஆய்வு மாணவருக்கான உதவித்தொகை, கூடவே தோலைத் தட்டிப் பார்த்தே பதம் சொல்லும் கலைஞர்களுக்கு உரிய ஊதியம்.