லைட்டும் நைட்டும் ஒன்றான வகுப்பு: சீனாவில் ஆங்கிலம் சொல்லித்தரக் கிளம்புபவர்களுக்கு

போன வாரம் திருச்சியிலிருந்து ஒருவர் போன் செய்தார். பி.எட். முடித்தவர். "சார், சீனாவுல இங்கிலீஷ் டீச்சர் வேலை. ஏஜென்ட் பிசினஸ் விசாவுல போகச் சொல்றார், அங்க போய் மாத்திக்கலாமாம். போகலாமா?"

போகாதீர்கள் என்றேன். சீனாவில் வேலை பார்க்க இசட் விசா வேண்டும். முதலில் பணி அனுமதிக்கான அறிவிப்புக் கடிதம் வரும், அதைக் காட்டி விசா வாங்க வேண்டும், போய் இறங்கி 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். எம் என்கிற பிசினஸ் விசாவில் வகுப்பு எடுத்தால் அது சட்டவிரோத வேலை. 2013 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். விஷயம் பெரிதானால் 5 முதல் 15 நாள் காவலும் உண்டு. மாட்டுவது நீங்கள், ஏஜென்ட் இல்லை. இன்னொன்று, மொழி ஆசிரியர் வேலைக்கு அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டின் பாஸ்போர்ட்டைத்தான் பொதுவாக எதிர்பார்க்கிறார்கள். இந்திய பாஸ்போர்ட்டில் இந்த வேலை சுலபம் என்று யாராவது சொன்னால் அங்கேயே உஷாராகிவிடுங்கள்.

நானும் அங்கே ஆங்கிலம் சொல்லித்தரப் போனவன்தான், கனடா பாஸ்போர்ட்டில். அப்படியும் ஏஜென்சி என்னிடம் முதலில் கேட்டது சான்றிதழை அல்ல, போட்டோவை. என் நிறத்தைப் பார்த்துச் சம்பளத்தைக் குறைத்துப் பேசினார்கள். அப்புறம் ஒரு நகரத்து நிறுவனத்தின் பெயரில் அனுமதி எடுத்துவிட்டு வேறொரு பள்ளிக்கு அனுப்பப் பார்த்தார்கள். அதுவும் சட்டவிரோதம்தான். அனுமதியில் எந்த இடத்தின் பெயர் இருக்கிறதோ அங்கே மட்டும்தான் வேலை பார்க்கலாம். அந்த ஏஜென்சியை விட்டுவிட்டு நேரடியாக ஒரு பள்ளியைப் பிடிக்க நாலு மாதம் ஆனது.

2018-இல் போய்ச் சேர்ந்த இடம் ஹுனான் மாகாணத்தின் மேற்கே, துஜியா, மியாவ் மக்கள் வாழும் ஷியாங்ஷி மலைப்பகுதியில் ஒரு நடுநிலைப் பள்ளி. வடக்குச் சீனாவில் குளிர்காலத்தில் கட்டடத்துக்கே வெந்நீர்க் குழாய் வழியாகச் சூடு வரும். தெற்கே அது கிடையாது. பிள்ளைகள் பஞ்சு வைத்த கோட்டோடு உட்கார்ந்திருப்பார்கள், பேனா பிடிக்கும் விரல்கள் சிவந்து வீங்கியிருக்கும். பாதிப்பேரின் அப்பா அம்மா குவாங்டோங் தொழிற்சாலைகளில். சீனப் புத்தாண்டுக்குத்தான் வருவார்கள். பிள்ளைகள் விடுதியில், இல்லாவிட்டால் பாட்டியிடம்.

வகுப்புக்கு 56 பேர். வெளிநாட்டு ஆசிரியர் எல்லா வகுப்புக்கும் தரிசனம் தர வேண்டும் என்று 16 பிரிவுகளுக்கும் வாரம் ஒரு தடவை, 40 நிமிடம். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்கூடத் தேறாது. "ஹவ் ஆர் யூ?" என்று கேட்டால் 56 வாயும் ஒரே சுருதியில் "ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ?" என்று முழங்கும். அதற்கு மேல் மௌனம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கல்லூரி நுழைவுத் தேர்வான காவ்காவில் 750-க்கு 150 மதிப்பெண் ஆங்கிலத்துக்கு. ஆனால் பெரும்பாலான மாகாணங்களில் பேச்சுக்கு அதில் மதிப்பெண் இல்லை. ‘யாபா யிங்யூ’, ஊமை ஆங்கிலம் என்று அவர்களே இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

எனக்குப் பெரிய தலைவலி 'ன'வும் 'ல'வும். 'நைட்' என்று சொன்னால் பாதி வகுப்பு 'லைட்' என்று எழுதும். உள்ளூர்ப் பேச்சிலேயே இரண்டும் ஒன்று. ஹுனான் என்பதையே 'ஃபுலான்' என்று சொல்கிற ஊர்கள் உண்டு. 'புக்' என்பதற்குப் பின்னால் ஓர் உயிரெழுத்தை ஒட்டிவிடுவார்கள். அது எனக்குப் புதிதில்லை, மதுரையில் நானும் 'புக்கு', 'பஸ்ஸு' என்று சொல்லி வளர்ந்தவன்தான். ஆனால் ன-ல விவகாரத்தில் என் கையில் ஒன்றும் இல்லை. நாக்கின் படத்தைப் பலகையில் வரைந்தேன். சிரித்தார்கள்.

கடைசி பெஞ்சில் அந்த வகுப்பின் ஆங்கில ஆசிரியை நோட்டுத் திருத்திக்கொண்டிருப்பார். என் முன்னால் ஆங்கிலம் பேசக் கூச்சம். மூன்றாவது வாரம் நானே போய் உதவி கேட்டேன். எழுந்து முன்னால் வந்தார். மூக்கை விரலால் இறுகப் பிடித்துக்கொண்டு 'லைட்' என்றார், வந்தது. 'நைட்' என்றார், அடைத்துக்கொண்டது. 56 பிள்ளைகளும் மூக்கைப் பிடித்தார்கள். சத்தம் கேட்டுப் பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது.

எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். சீனாவில் ஆசிரியராக வேண்டுமானால் பொதுச் சீன மொழியின் உச்சரிப்புத் தேர்வில் தேற வேண்டும். அதற்காக இதே ன-லவோடு அவரும் மல்லுக்கட்டியிருக்கிறார். நான் ஒரு வருடத்தில் கிளம்பிவிடுகிற ஆள், அந்தப் பிள்ளைகளின் வாய் எங்கே தடுக்கும் என்று தெரிந்தவர் அவர். அதன் பிறகு கேட்டுக் கெஞ்சி என் பிரிவுகளை எட்டாகக் குறைத்து, அவரோடு சேர்ந்தே வகுப்பு எடுத்தேன். பிள்ளைகளைவிட அவர்தான் அதிகம் பேச ஆரம்பித்தார். என்னைக் கேட்டால் அந்த வருடத்தில் உருப்படியாக நடந்தது அதுதான்.

திருச்சிக்காரரிடம் ஏஜென்ட்டைக் கேட்கச் சொல்லி மூன்று கேள்வி கொடுத்தேன். அனுமதி எந்தப் பள்ளியின் பெயரில் வரும்? எத்தனை பிரிவுகள்? உள்ளூர் ஆசிரியர் வகுப்பில் கூட இருப்பாரா? நேற்று மறுபடி போன் செய்தார். "அதெல்லாம் அங்க போய்ப் பார்த்துக்கலாம்" என்றாராம் ஏஜென்ட். முன்பணமாக 40,000 ரூபாய் கொடுத்து வைத்திருக்கிறார். அதைத் திரும்ப வாங்க ஏஜென்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.